கழுதைக்கு எந்த எழுத்து

மழை நாளில் வண்டியை எடுக்கச் சொல்பவர்களை எனக்குப் பிடிக்காது. அதுவும் விடியற்காலையில் கடை கடையாக ரொட்டி போட்டுவிட்டு வந்து, ஈரச் சட்டையைக் கழற்றி எறிந்து, காலை நீட்டி உட்கார்ந்த பிறகு வந்து கேட்டால் பிடிக்கவே பிடிக்காது. அன்றைக்கு அண்ணி என் வாசலில் வந்து நின்றபோது, முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"மாமா, வண்டி வேணும்," என்றாள். தோளில் ஏணி. ஒரு கையில் கருவிப் பை, இன்னொரு கையில் சாப்பாட்டுக் கூடை.

"டாக்ஸியில போயேன்."

"இந்த ஏணியை எந்த டாக்ஸிக்காரன் ஏத்துவான்?"

முணுமுணுத்துக்கொண்டே சட்டையை மறுபடி மாட்டினேன்.

அண்ணி என்கிறேனே தவிர, அவளுக்கு என் மகள் வயசு. என் கீழ்வீட்டில் மூன்று பேர். புருஷன், பெண்டாட்டி, புருஷனின் தங்கை. தங்கைக்காரி பொழுதன்னைக்கும் "அண்ணா, அண்ணி" என்று கத்துவது மாடிப்படி வழியாக என் காதில் விழுந்து விழுந்து, எனக்கும் அவர்கள் அண்ணன், அண்ணி ஆகிவிட்டார்கள். தங்கைக்கு அந்த வீட்டில் கழுதை என்று பெயர். பள்ளிக்கூடம் போகும் காலத்தில் தன் பையோடு அண்ணன் பையையும் சேர்த்துச் சுமந்தவள் என்பதால் அவன் வைத்த பட்டம். இப்போது ஒற்றை ஆளாக ஒரு அலுவலகத்துக்கே சர்வர் அமைத்துவிடுகிறாள், பட்டம் மட்டும் போகவில்லை. அண்ணனும் அண்ணியும் கூப்பிட்டால் என்ன என்று கேட்பாள். வேறு யாராவது கூப்பிட்டுப் பார்க்கட்டும், கடித்துவிடுவாள்.

மூன்று பேரும் சேர்ந்து அலுவலகங்களுக்கு வைஃபை போட்டுக் கொடுக்கும் தொழில் செய்கிறார்கள். கம்பெனி என்று பெயர்ப்பலகை இருக்கிறது. அதற்குப் பின்னால் இருப்பது ஒரு சமையலறை மேசையும் கட்டிலுக்கடியில் அட்டைப் பெட்டிகளும்தான். போன மாதம் ஒரு சரக்குக் கம்பெனியின் புது அலுவலக வேலை கிடைத்தது. மூன்று தளம். நன்றாக முடித்துக் கொடுத்தால் மற்றக் கிளைகளும் இவர்களுக்கே. அந்தச் சந்தோஷத்தில் அண்ணன் ஈரப் படியில் வழுக்கி விழுந்தான். கையில் இருந்த பெட்டி உடையக்கூடாதென்று அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தானாம். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் எலும்பு இரண்டாகிவிட்டது. இப்படி ஒரு புத்திசாலியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வண்டியில் ஏறியதும் அண்ணி கூடையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடி வழியே மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயாடி. அவள் சும்மா இருந்தது எனக்குச் சரியாகப் படவில்லை.

"என்ன, புருஷனோட சண்டையா?"

"சண்டை போட்டிருந்தா நிம்மதியா இருந்திருக்கும் மாமா. சமாதானமாப் பேசறாரு. அதான் பயமா இருக்கு."

"என்னவாம்?"

"நடுக்கடல்ல எண்ணெய் எடுக்கற மேடையில வேலைக்குக் கூப்பிடறாங்க. கால் கட்டைப் பிரிச்சதும் வரணுமாம். வருஷக்கணக்குல அங்கேயே இருக்கணும். வர்றீங்களா இல்லையான்னு இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லணும்."

"இவன் என்ன சொல்றான்?"

"இந்த வேலை இன்னிக்கு ஓடினா இங்க இருக்கேன், ஓடலைன்னா போறேங்கறாரு. கால் உடைஞ்சு படுத்ததுல மனசும் உடைஞ்சுபோச்சு. நாம மூணு பேரும் சேர்ந்து விளையாட்டுத்தான் காட்டறோம், சம்பாதிக்கலைங்கறாரு."

"ஓடுதா?"

"ஓடலை மாமா," என்றாள். "அவர் இல்லாம என்னால இருக்க முடியாது. அவர்கிட்ட இதைச் சொன்னா, எனக்காக இருக்கணுமேன்னு இருப்பாரு. அப்படி இருக்கவும் வேணாம்."

முன்னால் ஊர்ந்துகொண்டிருந்த காரைப் பார்த்து ஹாரன் அடித்து, அதன் ஓட்டுநரின் ஏழு தலைமுறையையும் விசாரித்தேன். எனக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

அலுவலகம் புதுப் பெயின்ட் வாசனையில் இருந்தது. நாற்காலிகளின் பாலித்தீன் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. மறுநாள் ஆட்கள் வந்து உட்காரப் போகிறார்கள். கழுதை காலையிலேயே வந்து, கீழ்த்தளத்தில் சர்வர் இருக்கும் குளிர் அறையில் உட்கார்ந்திருந்தாள். அலமாரி அளவு அறை. அண்ணனின் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கொண்டையில் ஒரு ஸ்க்ரூடிரைவரைச் செருகியிருந்தாள்.

"வந்துட்டீங்களா அண்ணி? கீழ்த்தளம் அருமையா ஓடுது. மேல ரெண்டு தளமும் செத்துக் கிடக்கு."

"போன்ல போட்டா பேர் கேக்குதா?"

"பேர் கேக்குது, பாஸ்வேர்டு கேக்குது. அப்புறம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. கடைசியில முடியலைன்னு கையை விரிக்குது."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு," என்றேன். இவ்வளவு தூரம் மழையில் வந்ததற்கு அதுகூட இல்லையா?

கழுதை கூரையைக் காட்டினாள். வெள்ளைத் தட்டைக் கவிழ்த்து ஒட்டியது போல ஒன்று இருந்தது. "அதான் ஆக்சஸ் பாயிண்ட். வாட்ச்மேன்னு வெச்சுக்கோங்க. வாசல்ல நிப்பான், ஆனா யார் நம்ம ஆளு, யார் வெளியாளுன்னு அவனுக்குத் தெரியாது. யாராவது வந்து பேர் சொன்னா, உள்ள இருக்கற ரேடியஸ் சர்வர்கிட்ட ஓடிவந்து, 'இவரை விடலாமா'ன்னு கேப்பான். எல்லார் பேரும் இங்கதான் இருக்கு. இவன் சரின்னா கதவு திறக்கும்."

"கீழ் வாட்ச்மேனுக்குச் சரிங்கறான். மேல் வாட்ச்மேன் கேட்டா?" என்றாள் அண்ணி.

"வாயையே திறக்க மாட்டேங்கறான். வேண்டாம்னாவது சொல்லித் தொலைக்கலாம் இல்ல?"

"எங்க வீட்ல நான் வண்டி வாங்கணும்னு சொன்னப்ப இப்படித்தான்," என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அதன்பிறகு நடந்தது முழுக்க உடம்பு வேலை. கேள்வி வந்து சேரும் வழியில் எங்கேயாவது அடைப்பு இருக்கலாம் என்று முதலில் நினைத்தார்கள். அண்ணி அறை வாசலில் ஏணி போட்டு ஏறி, கூரைப் பலகையை நகர்த்தி, தலையை உள்ளே விட்டாள். பழைய தூசியெல்லாம் அவள் முகத்தில் கொட்டியது. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். மேலே போகும் கேபிளின் நுனியை வெட்டி, எட்டுக் கம்பியையும் நிறம் பார்த்து வரிசையாக நீவி, புதுத் தலை போட்டு அழுத்தினாள். அவள் விரல் அந்த வேலையில் பூக் கட்டுவது போல ஓடும். தலை மாறியது, நிலைமை மாறவில்லை. கேபிள்களெல்லாம் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியில் இடம் மாற்றிச் செருகினார்கள். நடுவில் இருந்த ஃபயர்வால் என்ற தடுப்பு நிரலை நிறுத்திவைத்துப் பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே மழை அதுபாட்டுக்குப் பெய்துகொண்டிருந்தது. உள்ளே புழுக்கம். என் சட்டை மூன்றாம் முறையாக நனைந்தது, இந்தத் தடவை வியர்வையில்.

கடைசியில் கழுதை, சர்வர் வாசலுக்கு என்னென்ன வந்து போகிறது என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக் காட்டும் ஒரு நிரலை ஓட்டினாள். பார்த்தவள் மேசையைத் தட்டினாள்.

"அண்ணி, கேள்வி வருது! மேல் தளத்துலேருந்து ஒழுங்கா வந்து சேருது. இவன்தான் வாங்கிக் குப்பையில போடறான்."

"அப்ப கேபிள் நல்லாத்தான் இருக்கா?" அண்ணி ஏணி மேலிருந்தே கேட்டாள். முகம் முழுக்க வெள்ளைத் தூசி. "அரை நாளா நான் பூசிக்கிட்டது வெறும் பவுடரா?"

"வழியில தப்பு இல்ல. ஒண்ணு, அந்த வாட்ச்மேன் பேர் இவன் பட்டியல்ல இல்லாம இருக்கணும். பார்த்துட்டேன், இருக்கு. இல்லைன்னா, ரகசியம் தப்பா இருக்கணும்."

"என்ன ரகசியம்?" என்றேன்.

"வாட்ச்மேனுக்கும் சர்வருக்கும் நடுவுல ஒரு ரகசியச் சொல் உண்டு மாமா. ரெண்டு பக்கமும் ஒரே சொல் இருக்கணும். இல்லைன்னா, எவனோ திருட்டுப் பயல் கேக்கறான்னு நினைச்சு இவன் பதிலே சொல்ல மாட்டான்."

கீழ்த்தளத்து வாட்ச்மேன் பெட்டிகளைக் கழுதை இங்கேயே உட்கார்ந்து அமைத்தவள். சர்வரும் அவள் கைவேலை. மேல் தளங்களுக்கான பெட்டிகளை அண்ணன் கட்டிலில் படுத்தபடி, காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, வீட்டிலேயே அமைத்து அனுப்பியவன். ஆக, அண்ணனைக் கூப்பிட வேண்டியதாயிற்று. போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணா, ரகசியம் என்ன போட்ட?"

"ஏன், நான் போட்டது தப்புங்கறியா?"

"தப்புன்னு எவன் சொன்னான்? என்ன போட்டேன்னுதானே கேட்டேன்."

"சொன்னதுதான். கழுதை. அதோட நம்ம வீட்டு நம்பர்."

"நானும் கழுதைதான் போட்டிருக்கேன்."

"எல்லாம் சின்ன எழுத்தா?"

"சின்ன எழுத்து."

"நடுவுல இடைவெளி?"

"இல்ல."

"அப்ப சரியாத்தானே இருக்கு? இரு, திரும்ப அடிக்கறேன்," என்று அவன் வீட்டிலிருந்தபடியே மேல் தளத்துப் பெட்டிகள் எல்லாவற்றிலும் ரகசியத்தைப் புதிதாக அடித்தான். கழுதையும் சர்வரில் புதிதாக அடித்தாள். திரையில் இருவருக்கும் தெரிந்தது வெறும் புள்ளிகள். ரகசியத்தை அது அப்படித்தான் காட்டுமாம். மறுபடி முயன்றார்கள். சுற்றியது, சுற்றியது, கையை விரித்தது.

"இதை எங்கயாவது எழுதி வெச்சிருந்தா ஒப்பிட்டுப் பார்க்கலாமே?" என்று கேட்டேன்.

"எழுதக்கூடாதுன்னு அண்ணன் சட்டம். ஒரு ஆபீஸ்ல ரகசியத்தை எழுதிக் கண்ணாடியில ஒட்டியிருந்தாங்க, அதைப் பார்த்ததுலேருந்து இப்படி. பேப்பர்ல எழுதாதே, மெசேஜ்ல அனுப்பாதே, வாயால சொல்லு, காதால கேளுன்னு உயிரை எடுப்பான்."

"அதுல என்ன தப்பு?" என்றது ஸ்பீக்கர். பிறகு குரலை இறக்கிச் சொன்னான். "சரி விடு கழுதை. நமக்கு இதுதான் வரும்போல. நான் சாயங்காலம் அவங்களுக்கு எழுதிடறேன்."

போன் நின்றது. அண்ணி ஏணியின் உச்சியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கழுதைக்குக் கோபம் வந்தது. அவளுக்கு அழுகை வரவேண்டிய இடத்திலெல்லாம் கோபம்தான் வரும்.

"என்ன அண்ணி, வாயில கொழுக்கட்டையா? போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா இருப்பாரு. அப்புறம் காலம் பூரா இதைச் சொல்லிக் காட்டுவாரு."

"காட்டட்டுமே! இங்கேயே இருந்து காட்டட்டுமே!"

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார் அலுவலக நிர்வாகி. எதைக் கேட்டாலும் "பார்ப்போம்" என்பார். இவர்கள் அவருக்கு அதையே பெயராக வைத்திருந்தார்கள். வழுக்கைத் தலை, கையில் நனைந்த குடை.

"ஓடுதா?"

"இன்னும் கொஞ்ச நேரம் சார்," என்றாள் கழுதை.

"எங்க மேடம் சாயங்காலம் வர்றாங்க. இன்னொரு கம்பெனிக்காரங்களையும் நாளைக்கு வந்து பார்க்கச் சொல்லியிருக்காங்க. அவங்க பெரிய கம்பெனி."

"இன்னிக்கே முடிச்சுடுவோம் சார்."

"பார்ப்போம்," என்று குடையிலிருந்து புதுத் தரைவிரிப்பில் சொட்டவிட்டுக்கொண்டே போனார். அந்தக் குடையைப் பிடுங்கி அவர் மண்டையில் ஒரு போடு போடலாமா என்று வந்தது எனக்கு.

"முதல்ல சாப்பிடுங்க ரெண்டு பேரும்," என்றேன். கூடையைத் திறந்தேன். என் வண்டி ரொட்டி, வேகவைத்த முட்டை, வெங்காயம், பிளாஸ்கில் தேநீர். ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு நான் உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டேன். கவலைப்பட்டால் எனக்கு அதிகமாகப் பசிக்கும். கழுதை உரித்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மடிக்கணினித் திரையையே முறைத்தாள். அண்ணி இறங்கவே இல்லை. எடுத்த கூரைப் பலகையைத் திரும்பப் பொருத்திக்கொண்டிருந்தாள்.

என் பக்கத்தில் இருந்த கருவிப் பைக்குள் அவள் போன் ஒரு முறை கிணுகிணுத்தது.

"மாமா, யாருன்னு பாருங்க."

"உன் புருஷன்தான். மெசேஜ்."

"என்னவாம்? படிங்க. எனக்குக் கை ரெண்டும் மாட்டிக்கிட்டிருக்கு."

கண்ணாடியைத் தேடி மாட்டினேன். எனக்கு எரிச்சல் வந்தது. "தமிழை இங்கிலீஷ் எழுத்துல எழுதியிருக்கான்மா. இந்தக் கண்றாவியை எவன் கண்டுபிடிச்சான்? கலு... கலுதை... சாப்... டாளா. கலுதை சாப்டாளா. யாரும்மா இந்தக் கலுதை?"

"இவளைத்தான் கேக்கறாரு. கழுதை சாப்பிட்டாளான்னு." கூரைக்குள்ளிருந்து அண்ணியின் குரல் கொஞ்சம் இளகி வந்தது. "அவ்வளவு கோபத்துலயும் தங்கச்சி பசி ஞாபகம் இருக்கு பாருங்க."

"ஞாபகம் இருந்து என்ன? உன் புருஷனுக்குக் கழுதைன்னு ஒழுங்கா எழுதத் தெரியலை. கலுதையாம், கலுதை!" என்று வாயில் ரொட்டியோடு சிரித்தேன்.

கழுதையின் கையிலிருந்த முட்டை நழுவிக் கீழே உருண்டது.

"மாமா, திரும்பப் படிங்க."

"கலுதை சாப்டாளா."

"படிக்காதீங்க. எழுத்தெழுத்தாச் சொல்லுங்க."

"கே. ஏ. எல். யூ..."

"எல் எழுத்தா?"

"எல்லுதான். தனியா, குச்சி மாதிரி நிக்குது."

"இசட் எச் இல்ல?"

"கண்ணாடி போட்டுக்கிட்டுத்தானே படிக்கறேன்? எல்லும்மா!"

அவள் வந்து போனைப் பிடுங்கிப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபமும் சிரிப்பும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வந்தன. "அடப்பாவி! ழ-வுக்கு எல் போடுவானா? விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து என்னைக் கழுதைன்னு கூப்பிடறான், கழுதைக்கு எந்த எழுத்துன்னு தெரியலையே இவனுக்கு! ஒரே வீட்ல இருக்கோம், எனக்கு மெசேஜே அனுப்ப மாட்டான், வாயாலயேதான் கத்துவான். எனக்கு எப்படித் தெரியும்?"

"என்னடி சொல்ற?" அண்ணி ஏணியில் பாதி இறங்கி நின்றாள்.

"அண்ணி, நான் சர்வர்ல இசட் எச் போட்டுக் கழுதை எழுதியிருக்கேன். அவன் மேல பூரா எல் போட்டு எழுதியிருக்கான். வாயால சொன்னா ரெண்டும் கழுதை. மிஷினுக்கு வேற வேற கழுதை!"

சொல்லி முடிக்குமுன் குளிர் அறைக்குள் ஓடிவிட்டாள். நாங்கள் இருவரும் பின்னால் ஓடினோம். நான் எதற்கு ஓடினேன் என்று தெரியவில்லை, ஆனால் ஓடினேன். சர்வரில் மேல் தளங்களின் ரகசியத்தை அழித்தாள். "மன்னிச்சுக்கோ தமிழே," என்று முணுமுணுத்துக்கொண்டு எல் போட்டு அடித்தாள். ஒரு முறை நிறுத்தி எழுப்பினாள். "அண்ணி, மேல போய் உங்க போன்ல பாருங்க."

அண்ணி படியில் தடதடவென்று ஏறினாள். நான் நடுப்படியில் நின்றேன், செய்தியைக் கை மாற்றுவதற்கு.

"பேர் கேக்குது!" மேலிருந்து குரல்.

"பேர் கேக்குதாம்!" என்றேன் கீழே.

"எனக்கும் காது கேக்குது மாமா!"

"சுத்துது!"

"சுத்துதாம்!"

பிறகு ஒரு சத்தமும் இல்லை. என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் எனக்கே கேட்டது. இந்த வயதில் ஒரு கழுதையின் எழுத்துப் பிழைக்காக நெஞ்சு வலி வந்தால் ஆஸ்பத்திரியில் என்ன சொல்வது?

"வந்துருச்சு!" என்று அண்ணி போட்ட கூச்சலில் கண்ணாடிக் கதவே அதிர்ந்திருக்கும். "வந்துருச்சுடி! கழுதை! வந்துருச்சு!"

அறைக்குள் சர்வர் திரையில் வரி வரியாக ஏறி வந்தது. சரி, சரி, சரி என்று ஒவ்வொரு கேள்விக்கும் பதில். அரை நாளாக வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தவன் இப்போது நிறுத்தாமல் பேசினான். கழுதை இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நாற்காலியோடு சுற்றினாள். அண்ணி கீழே ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். முகத்தில் இருந்த வெள்ளைத் தூசியெல்லாம் ஸ்வெட்டரில் ஒட்டியது. என்னையும் இழுத்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, நானும் போனேன்.

மேடம் என்ற அம்மாள் மழைக்கோட்டோடு வந்தபோது எல்லாம் தயார். மடிக்கணினியைக் கையில் ஏந்தி, யாரோடோ வீடியோவில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டே கீழ்த்தளத்திலிருந்து மேல்தளம் வரை நடந்தார். பேச்சு ஒரு இடத்திலும் அறுபடவில்லை. பின்னாலேயே நிர்வாகி, அவர் பின்னால் நாங்கள் மூவரும் கல்யாண ஊர்வலம் போலப் போனோம். திரும்பி வந்த மேடம், "மத்தக் கிளைகளுக்கும் இவங்களையே வரச் சொல்லுங்க. அந்தப் பெரிய கம்பெனியை நாளைக்கு வரவேணாம்னு சொல்லிடுங்க," என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் நிர்வாகியைப் பார்த்தேன். "என்ன சார், பார்ப்போமா?"

"பார்த்தாச்சு," என்றார். பாவம், அவருக்கும் சிரிக்கத் தெரிந்தது.

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அண்ணி போன் போட்டாள். ஸ்பீக்கரில்தான். எனக்கு ஒளிக்க அந்தக் குடும்பத்தில் இனி என்ன இருக்கிறது?

"ஓடுதுங்க. மூணு தளமும் ஓடுது. மத்தக் கிளையும் நமக்குத்தான்."

"நிஜமாவா? எதுல தப்பு?" என்றான்.

"உன்கிட்டதான் தப்பு!" கழுதை பின்னாலிருந்து எட்டிக் கத்தினாள். "ழ-வுக்கு எல் போடறவனெல்லாம் தொழில் செய்யறான்!"

"ஏன், எல் போட்டா என்ன? படிச்சா கழுதைன்னு புரியுதில்ல?"

"எனக்குப் புரியலையேடா தம்பி," என்றேன். "கலுதைன்னுதான் படிச்சேன். அதனாலதான் உன் பிழைப்பு பிழைச்சுது. ஞாபகம் வெச்சுக்கோ." இதை அவன் மறந்தாலும் நான் மறக்க விடுவதில்லை. வாரம் ஒரு முறையாவது சொல்லிக் காட்டுகிறேன்.

அவன் சிரித்தான். கால் உடைந்த பிறகு அவன் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அண்ணி சிரிக்கவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"அந்தக் கடல்காரங்களுக்கு எழுதிட்டீங்களா?"

"எழுதி வெச்சிருக்கேன். இன்னும் அனுப்பலை."

"என்னன்னு எழுதினீங்க?"

"வர்றேன்னுதான்."

மழை வண்டியின் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. நான் சாவியைத் திருப்பவில்லை.

"போகாதீங்க," என்றாள் அண்ணி. "காலையிலேயே சொல்லியிருக்கணும். வேலை ஓடாம இருந்திருந்தாலும் சொல்லியிருக்கணும். நீங்க இங்க இருக்கணும். அதை அழிச்சுட்டு வேற எழுதுங்க."

"இப்பவேவா?"

"இப்பவே. எழுதிட்டு அனுப்பறதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லுங்க. உங்க எழுத்தை நம்ப முடியாது. எழுத்தெழுத்தாச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது.

"என்," என்றான் அண்ணன், இங்கிலீஷ் எழுத்தில். "ஓ."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"சரியா இருக்கு," என்றாள். "அனுப்புங்க."